ஐந்து நிமிஷப் பலகை

சுரங்க டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு எதிரே, சேத்தியாத்தோப்பு பக்கம் போகும் பஸ்கள் நிற்கிற இடத்துக்கு நாலு எட்டு தள்ளி, ஒரு ஃபாஸ்ட் ஃபுட் தள்ளுவண்டி நிற்கும். அதன் நெற்றியில் மஞ்சள் தகரப் பலகை. 'சொன்ன ஐந்தாவது நிமிஷம் உங்கள் கையில்' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். அந்தப் பலகை சொல்வது நிஜமா என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் கையில் ஸ்டாப்வாட்ச்சோடு அதன் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அதுதான் என் கடைசி வருஷ ப்ராஜெக்ட்.

நான் படித்தது மெக்கானிக்கல். அதில் வேலையை அளக்கிற பாடம் ஒன்று வரும். ஒரு ஆள் ஒரு வேலையை எத்தனை அசைவில் செய்கிறான், எந்த அசைவு வீண், எங்கே நேரம் தேங்குகிறது என்று பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டு, பிறகு கணக்குப் போடுவது. எனக்கு அந்தப் பாடம் ரொம்பப் பிடித்துவிட்டது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான்தான். சொல்லப்போனால் ஒன்றாம் வகுப்பைத் தாண்டியவனும் நான்தான். அதனால் புத்தகத்தில் படிக்கிற எதையும் வெளியே போய் நிஜத்தில் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வெறி இருந்தது.

கூடப் படித்தவர்களில் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் பலருக்கு அப்பாவோ மாமாவோ சுரங்கக் கம்பெனியில் பெர்மனென்ட் வேலையில் இருந்தார்கள். அவர்கள் ப்ராஜெக்ட்டுக்கு அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு ஒர்க் ஷாப், தெர்மல் பவர் ஸ்டேஷன் என்று உள்ளே போய்விட்டார்கள். என் அப்பாவுக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியை அள்ளிப் போடுகிற காண்ட்ராக்ட் வேலை. அவரிடம் போய்க் கடிதம் கேட்க முடியுமா? முதலில் பஜாரில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு சிக்கன் கடைக்குப் போனேன். அங்கே நம்பர் ஓடுகிற திரையெல்லாம் உண்டு. அளக்க அனுமதி கேட்டதும், மேனேஜர் சிரித்த முகத்தோடு ஒரு கூல்டிரிங்க்ஸ் கொடுத்து என்னை வெளியே அனுப்பிவைத்தார். வெயிலில் சைக்கிளை மிதித்து ஆர்ச் கேட்டுக்கு வந்தபோதுதான் இந்தப் பலகை கண்ணில் பட்டது.

வண்டி ஒரு கணவன் மனைவியுடையது. அண்ணன் திருப்பூரில் பல வருஷம் ஃபாஸ்ட் ஃபுட் மாஸ்டராக இருந்தவர். இரும்பு வாணலியை ஒரு கையால் தூக்கித் தூக்கிக் குலுக்கியதில் வலது மணிக்கட்டு போய்விட்டது. இனி கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு வாணலி அவர் மனைவி, அக்கா கைக்கு வந்தது. அக்கா ஆள் சின்ன உருவம். அடுப்புக்கு எட்டுவதற்காக ஒரு மரப்பலகை மேல் ஏறி நின்றுதான் சமைப்பார். அண்ணன் ஆர்டர் கேட்பார், பார்சல் கட்டுவார். நின்று அளக்கட்டுமா என்று கேட்டபோது அண்ணன் அக்காவைப் பார்த்தார்.

"நின்னுக்க. ஆனா நெருப்பு பக்கம் வராத. சட்டை பாலியஸ்டர் மாரி இருக்குது," என்றார் அக்கா.

அப்படித்தான் ஆரம்பித்தது. காலேஜ் லேபிலிருந்து கையெழுத்துப் போட்டு வாங்கி வந்த ஸ்டாப்வாட்ச். நாற்பது பக்க நோட்டில் நான்கு கட்டம்: ஆள் வந்த நேரம், ஆர்டர் சொன்ன நேரம், வாணலியில் போட்ட நேரம், கைக்கு வந்த நேரம். சாயங்காலம் நாலரைக்குப் போய் நிற்பேன், ஏழு மணிக்குள் கிளம்பிவிடுவேன். அப்பாவுக்கு இது தெரிந்த அன்று வீட்டில் பெரிய சிரிப்பு. "சோறு எத்தினி நிமிசத்துல வேவுதுன்னு பாக்கறதுக்குத்தான் உன்ன நாலு வருசமா காலேஜிக்கி அனுப்பிகினு இருக்கனா?" என்றார். ஆனால் மூன்றாம் நாளிலிருந்து, ராத்திரி தட்டில் கை வைக்கும் முன் அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார்: இன்னிக்கு எத்தினி நிமிசம்?

முதல் நாள் நான் அசந்துபோனது வாணலியைப் பார்த்துத்தான். அடுப்பு விமானம் மாதிரி இரையும். எண்ணெய் ஊற்றியதும் வாணலி விளிம்பில் தீ ஏறி ஒரு முறை உள்ளே எட்டிப் பார்க்கும். முட்டை விழும். அது வெந்ததா வேகவில்லையா என்று நாம் யோசிப்பதற்குள் முட்டைகோஸ், கேரட், மேலே சோறு. அக்கா வாணலியை முன்னால் தள்ளி வெடுக்கென்று இழுப்பார். மொத்தச் சோறும் எழும்பி, காற்றில் ஒரு தடவை புரண்டு, ஒரு பருக்கை சிந்தாமல் திரும்ப வந்து விழும். நாலு ப்ளேட் ஒரே ஈட்டில். மூன்றரை நிமிஷம். வாட்ச் பழுதோ என்று சந்தேகப்பட்டு என் போனிலும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். அதுவும் அதையேதான் காட்டியது.

ஆனால் நோட்டு வேறு சொன்னது. வாணலி மூன்றரை நிமிஷம் என்றாலும், ஆள் நிற்கிற நேரம் அப்படி இல்லை. ஒருவர் நாலு நிமிஷத்தில் வாங்கிக்கொண்டு போனார். அவருக்கு முன்னால் வந்து, அதே எக் ரைஸ் சொன்ன இன்னொருவர் இருபத்தாறு நிமிஷம் நின்றார். தினமும் இதே கதை. பின்னால் வந்தவன் முன்னால் போகிறான். இரண்டு வாரக் கணக்கைக் கூட்டி வகுத்தால் ஒரு ஆளுக்குப் பத்தொன்பது நிமிஷம் வந்தது. பலகையில் ஐந்து. எனக்கு வருத்தமாக இருந்தது. அவ்வளவு வேகமான கைகளை வைத்துக்கொண்டு இப்படி வரிசை தெரியாமல் கடை நடத்துகிறார்களே என்று நினைத்தேன். தெரிந்தவர்களுக்கு முதலில் கொடுக்கிறார்களோ என்றும் நினைத்தேன். அதை நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்தேன்.

அந்த நாட்களில் அவர்களுக்கு வேறொரு கவலை இருந்தது. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ரோட்டோர வண்டிக்கு ஐப்பசி கார்த்திகை இரண்டு மாதமும் அடுப்பு பற்றாது. போன வருஷ மழைக்கு அண்ணன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். போனவரைக் கம்பெனி லேசில் விடவில்லை. தையும் மாசியும் கழிந்து பங்குனியில்தான் வந்தாராம். அதுவரை அக்கா தனியாக இரண்டு பிள்ளைகளோடு கிடந்தார். இந்த வருஷமும் கம்பெனியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் வருகிறேன், வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

போகாமல் இருக்க ஒரே ஒரு வழி தென்பட்டது. தெர்மலில் ஓவர்ஹால் வேலை நடக்கப்போகிறது, அதற்கு இரும்பு வெட்டி ஒட்டுகிற ஒரு காண்ட்ராக்டர் வெளியே யார்டு போட்டிருக்கிறார், அங்கே எண்பது ஆளுக்கு நாற்பது நாள் சாயங்கால டிபன் கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று என் அப்பாதான் விசாரித்து வந்து சொன்னார். தகரக் கூரை உண்டு, மழை தொடாது. அக்கா அன்றைக்கே ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். யார்டு சூப்பர்வைசர் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

வந்தும் பார்த்தார். ஒரு புதன்கிழமை சாயங்காலம், கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஹெல்மெட், மதுரைப் பக்கத்துப் பேச்சு. சிக்கன் ரைஸ் சொல்லிவிட்டு நின்றவர் என் நோட்டைப் பார்த்து, என்ன தம்பி எழுதுறீங்க என்று கேட்டார். என்னை அதுவரை யாரும், அதுவும் அட்டை மாட்டிய ஒருவர், மதித்து எதையும் கேட்டதில்லை. நான் பாடம் முழுவதையும் ஒப்பித்தேன். அவர் கவனமாகக் கேட்டார். ஒரு ப்ளேட்டுக்கு மொத்தத்தில் எவ்வளவு நேரம் ஆகிறது என்றார். பத்தொன்பது நிமிஷம் சார், என்றேன். நோட்டைத் திறந்து கூட்டிய இடத்தையும் காட்டினேன்.

"எங்களுக்கு டீ டைமே இருபது நிமிஷம்தான் தம்பி," என்றார் அவர். தட்டை வைத்துவிட்டு, கை கழுவி, பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்காவிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நான் செய்தது என்ன என்று எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அண்ணன்தான் என்னைப் பார்த்தார். கோபமில்லை. கையில் இருந்த பார்சல் கயிற்றை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினார். அவ்வளவுதான். அக்கா வாணலியைத் தேய்த்துக்கொண்டே கேட்டார், "அந்த சாரு எதுக்கு வந்தாருன்னு தெரியுமா உனக்கு?" தெரியும் என்றேன். "தெரிஞ்சிகினேவா சொன்ன?" என்றார். நான் பொய் சொல்லவில்லையே அக்கா, நோட்டில் இருந்ததைத்தானே சொன்னேன் என்று ஆரம்பித்தேன். பாதியில் நானே நோட்டை மூடிப் பையில் வைத்தேன். "பெரிய மனுசன் கேட்டதும் பெரிய கணக்கா சொல்லிட்டியாக்கும்," என்றார் அக்கா. அன்று அப்பா வழக்கம்போல எத்தனை நிமிஷம் என்று கேட்டபோது நான் தட்டோடு எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் போகலாமா வேண்டாமா என்று இருந்தது. போனேன். வாட்ச்சை எடுக்காமல் சும்மா நின்றேன். எழுதுவதை விட்டதால்தானோ என்னவோ காது திறந்தது. ஒவ்வொரு ஆளிடமும் அண்ணன், என்ன வேணும் என்று கேட்பதற்கு முன்பே இன்னொன்று கேட்டார். எந்த பஸ்?

இந்தக் கேள்வியை அந்த ஒரு மாதத்தில் நூற்றுக்கணக்கான தடவை கேட்டிருப்பேன். நல்லா இருக்கீங்களா என்பது மாதிரி ஒரு குசல விசாரிப்பு என்று நினைத்து ஒரு தடவைகூட எழுதவில்லை. என் நோட்டில் அதற்குக் கட்டமே இல்லை.

அன்று மட்டும் அதைக் கவனித்தேன். ஒருவர் சேத்தியாத்தோப்பு என்றார். அண்ணன் ரோட்டைப் பார்த்தார், அக்காவிடம் "ரெண்டு முன்னாடி" என்றார். அடுத்தவர் பைக்கில் வந்தவர். அவருக்கு "கடைசில" என்று ஒரு சொல். பைக்காரர் தலையாட்டிவிட்டு வண்டி மேலேயே உட்கார்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்தார். நிற்காமல் கடந்து போன ஒரு பஸ்ஸின் டிரைவர் ஜன்னல் வழியே இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் போனார். பின்னால் வருகிற பண்ருட்டி வண்டி இருபது நிமிஷம் தாமதம் என்று அதற்கு அர்த்தமாம். உடனே பண்ருட்டி போகிற மூன்று பேரின் ஆர்டர் பின்னால் போனது, விருத்தாசலம் போகிறவருடையது முன்னால் வந்தது. காகிதம் இல்லை, பென்சில் இல்லை. பத்துப் பதினைந்து ஆட்கள், அவர்களுடைய எக் ரைஸ், நூடுல்ஸ், காரம் கம்மி, வெங்காயம் வேண்டாம், அவர்கள் ஏறப்போகிற பஸ், அந்த பஸ் இன்றைக்கு எங்கே வந்துகொண்டிருக்கிறது, அத்தனையும் அந்த மனிதர் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா திரும்பிப் பார்க்காமலே ஒவ்வொரு ஈட்டையும் அதன்படி போட்டார்.

நான் வாய் பிளந்து நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். முன்பு இருபத்தாறு நிமிஷம் நின்றவர் அன்றும் வந்திருந்தார்; அவர் கையில் பார்சல் விழுந்தபோது அவருடைய பஸ் இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டிக்கொண்டிருந்தது. ஏன் முன்பே கொடுக்கவில்லை என்று அண்ணனைக் கேட்டேன்.

"முன்ன குடுத்தா கையில வெச்சிகினே ஆறிடும். பின்ன குடுத்தா பஸ்சு போயிடும்," என்றார். "வூட்ல புள்ள பிரிக்கறப்ப ஆவி வரணுமில்ல?"

நான் நோட்டில் அளந்தது ஒவ்வொரு மனிதரும் அங்கே நின்ற நேரம். அவர்கள் அளந்துகொண்டிருந்தது ஆவி பறக்கிற நேரம். ராத்திரி உட்கார்ந்து பென்சிலால் எழுதியிருந்த அந்த வரியை அழித்தேன். அழித்த தடம் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை காலேஜுக்குப் போகாமல் யார்டுக்குப் போனேன். சூப்பர்வைசர் வெளியே வர ஒரு மணி நேரம் ஆனது. என் கணக்கு தப்பு சார் என்றேன். கூட்டல் தப்பா என்று கேட்டார். இல்லை, அளக்க வேண்டியதை அளக்கவில்லை என்று சொல்லி, பஸ் கதையை மூச்சு விடாமல் சொன்னேன். அவர் ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "இங்க எந்த பஸ்ஸும் வராதே தம்பி. எண்பது பேரும் ஒரே நேரத்துல வருவாங்க. அப்ப என்ன பண்ணுவாங்க?" என்றார். ஒரு நாள் பார்த்துவிடுங்கள் சார், ஒரே ஒரு நாள், என்று மட்டும் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, நாளைக்குச் சனிக்கிழமை, நாலு மணி டீ டைம், நாலு இருபதுக்கு என் ஆள் மெஷினில் நிற்க வேண்டும் என்றார்.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவரோ ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க எத்தினி கொழா இருக்குது?"

எந்தக் குழாய் என்று விழித்தேன். கை கழுவுகிற குழாய். யார்டு வாசலில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன், என் எதிரிலேயே அது இருந்திருக்க வேண்டும். வேலையை அளக்கப் படிக்கிறவன் பார்க்கவில்லை. திரும்ப சைக்கிளை மிதித்துப் போய்ப் பார்த்து வந்தேன். ஒன்றே ஒன்று. அக்கா தலையை ஆட்டினார். "க்ரீஸ் கையி. சோப்புத்தூள் போட்டுத் தேச்சாத்தான் போவும். எம்பது பேரு ஒரு கொழாயில கழுவி முடிக்கறதுக்குள்ள இருட்டிடும். அடுப்புல லேட்டாவாது தம்பி. அங்கதான் லேட்டாவும்."

சனிக்கிழமை என்னைக் காலையிலேயே வரச் சொன்னார். அளக்கிறவன் முழுசாக அளக்கட்டும் என்று சொல்லிச் சிரித்தார். ஆர்ச் கேட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வாடகை வீடு. பத்து மணி பத்து நிமிஷத்துக்கு அக்கா அரிசியில் முதல் தண்ணீர் ஊற்றினார். அந்த நேரத்தை நோட்டில் எழுதினேன்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்வது. சோற்றை முக்கால் வேக்காட்டில் வடித்தார். ஒரு பருக்கையை எடுத்து என் விரலில் வைத்து நசுக்கச் சொன்னார். நடுவில் கடுகளவு வெள்ளையாக ஒரு புள்ளி நின்றது. அந்தப் புள்ளி இருந்தால்தான் வாணலியில் சோறு உடையாது. கூடம் முழுக்க வெள்ளை வேட்டிகளை விரித்து, மேலே ஃபேனைச் சுழலவிட்டு, சோற்றைப் பரப்பினார்கள். நடக்க இடமில்லாமல் பிள்ளைகள் இரண்டும் சுவரோரமாக நடந்தன. அண்ணன் இடது கையால் முட்டைகோஸ் நறுக்கினார். வலது கை போன பிறகு இடது கைக்குக் கத்தியைப் பழக்கியிருக்கிறார். நூல் நூலாக விழுந்தது. முட்டைகளை ஒவ்வொன்றாகச் சின்னக் கிண்ணத்தில் உடைத்து, பார்த்து, முகர்ந்து, அப்புறம்தான் பெரிய குண்டானில் ஊற்றினார்கள். ஒரு கெட்ட முட்டை மொத்தத்தையும் கெடுத்துவிடும் அல்லவா. பூண்டு, மிளகு, வெங்காயத்தாள், ஒவ்வொன்றும் தனித்தனி டப்பா. எந்த டப்பா அடுப்பின் எந்தப் பக்கம், எதன் மூடி எந்தத் திசையில் திறக்க வேண்டும் என்பது வரைக்கும் முடிவாகியிருந்தது. இத்தனையும் முடிய மணி இரண்டரை.

ஒரு மாதம் நான் வண்டியருகில் நின்று அளந்ததெல்லாம் இந்த வேலையின் வாலை மட்டும்தான். தினமும் காலையில் ஆரம்பித்து, யாரும் பார்க்காத ஒரு கூடத்தில் மணிக்கணக்காக ஓடி, கடைசி மூன்றரை நிமிஷத்தில் வந்து முடிகிற ஒன்றை 'ஃபாஸ்ட்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அக்காவிடம் இதைச் சொன்னேன். "நீ வந்து வாச்ச அமுக்கறப்ப என் வேலயில முக்காவாசி முடிஞ்சிருக்கும்பா," என்றார் அவர், அது என்னவோ எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போல.

மூன்று மணிக்கு யார்டில் இறங்கினோம். அண்ணன் முதலில் செய்தது, இரண்டு நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பி, கூரையின் இரண்டு மூலையில் வைத்தது. ஒவ்வொன்றிலும் ஆறு மக். பக்கத்தில் வாய் அறுத்த தண்ணீர் பாட்டில்களில் சோப்புத்தூள். மூன்றேகாலுக்கு அக்கா அடுப்பைப் பற்றவைத்தார். எக் ரைஸ் மட்டும்தான். நூடுல்ஸை மூடி வைத்தால் கயிறாகிவிடும், ரைஸ் தாங்கும் என்றார். வழக்கமாக நாலு ப்ளேட் போடுகிற வாணலியில் அன்று ஆறு. பலகை மேல் நின்று, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு ஈடு முடிந்ததும் துணி சுற்றிய அண்டாவில் கொட்டி மூடி, அடுத்தது. பத்து ஈடு. அறுபது பேருக்கு. அதற்கு மேல் அடுக்கினால் அடியில் இருப்பது நசுங்கிப் பொங்கலாகிவிடும் என்பதால் மீதி இருபது பேருக்கு அப்போதைக்கு அப்போது.

ஏழாவது ஈட்டில் அக்காவின் வாணலி வழக்கத்தைவிடத் தாழ்வாக எழும்பியதைப் பார்த்தேன். அண்ணனும் பார்த்தார். அவருடைய வலது கை தன்னால் வாணலிக் காதை நோக்கிப் போனது. அக்கா திரும்பவேயில்லை, முழங்கையால் அந்தக் கையைத் தள்ளிவிட்டார். வாணலி முன்னால் போய்த் திரும்பி வந்தது. சோறு எழும்பிப் புரண்டு விழுந்தது. ஒரு பருக்கை சிந்தவில்லை.

நாலு மணிக்குத் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் யாரோ சுத்தியலால் தட்டினார்கள். நான் வாட்ச்சை அமுக்கினேன். எண்பது ஆட்களும் ஒன்றாக வந்தார்கள். கரி, க்ரீஸ், இரும்புத்தூள், கண்ணைத் தவிர முகத்தில் ஒன்றும் தெரியாத ஆட்கள். குழாய்க்கு ஓடப்போனவர்கள் டிரம்மைப் பார்த்து மூன்றாகப் பிரிந்தார்கள். கை கழுவி நிமிர்ந்தவனின் எதிரில் அண்ணனின் இடது கை தட்டை நீட்டியது. நான் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் தண்ணீர் பாட்டில் கொடுத்தேன். அண்டா எப்போது காலியானது, புதுச் சோறு எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை. வரிசை நிற்கவே இல்லை, நடந்துகொண்டே இருந்தது. ஒருவன் மட்டும் வாயில் சோற்றோடு, "யக்கா, கல்யாண வூட்லகூட இப்டி பந்தி ஓடலியே," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கடைசித் தட்டு போனபோது பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. நான் நோட்டைத் திறந்து சூப்பர்வைசரிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவில்லை. இரும்புத் தகடுகள் அடுக்கியிருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே முதலில் சாப்பிட்டவர்களில் ஒருவர், நடுத்தர வயசு, ஒரு மரக்கட்டையில் தலை வைத்து, ஹெல்மெட்டை வயிற்றில் கவிழ்த்து, வாய் லேசாகத் திறந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"டீ டைம்ல என் ஆள் தூங்கி நான் பார்த்ததே இல்ல," என்றார் சூப்பர்வைசர். சத்தம் வராமல் சொன்னார், அந்த ஆள் எழுந்துவிடுவாரோ என்பது போல. பிறகு அக்காவிடம் வந்து, திங்கட்கிழமையிலிருந்து வந்துவிடச் சொன்னார். டிரம்மை இங்கேயே விட்டுப்போங்கள் என்றும் சொன்னார். நாலு இருபதுக்கு மறுபடி தண்டவாளம் ஒலித்தபோது தூங்கியவர் எழுந்து, ஒன்றும் நடக்காதது போல ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மற்றவர்களோடு போனார்.

அண்ணன் கூரையின் ஓரத்துக்குப் போய் போனை எடுத்தார். திருப்பூருக்கு. "இல்லீங்க, இந்த வருசம் வரல. ஆமாங்க, இங்கியே," என்றார். அக்கா அவர் பக்கம் பார்க்காமல் வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் போனை வைத்த பிறகும் அதே இடத்தையே கொஞ்ச நேரம் தேய்த்தார்.

பாத்திரங்களை லோடு ஆட்டோவில் ஏற்றும்போது தகரத்தின் மேல் முதல் தூறல் விழுந்தது. அந்த வருஷத்தின் முதல் நிஜமான மழை. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது எனக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. அக்காவுக்கு எப்படித் தெரிந்ததோ, மூடிய டப்பாக்களை மறுபடி திறந்தார். அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"உனக்கு எந்த பஸ்சு?"

சைக்கிளை அவர்கள் வீட்டில் விட்டிருந்தேன், மழையில் மிதித்துப் போக முடியாது. யார்டுக்கு வெளியே மெயின் ரோட்டில் அஞ்சே முக்காலுக்கு எங்கள் ஊர் வழியாகப் போகிற ஒரு டவுன் பஸ் உண்டு என்றேன். அண்ணன் அக்காவைப் பார்த்தார். "நேரம் இருக்குது," என்றார். அக்கா உடனே அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஒரு குடம் தண்ணீரில் கையை முழங்கை வரை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்திருந்தேன். மழை வலுத்தது. என் பஸ்ஸுக்குச் சரியாகப் பத்து நிமிஷம் இருந்தபோது எழுந்து பலகை மேல் ஏறினார். ஆறு ஆறு ப்ளேட்டாகப் போட்ட அதே பெரிய வாணலியில் ஒரே ஒரு ப்ளேட், இரண்டு முட்டை, எனக்கு மட்டும். வாட்ச் என் சட்டைப்பையில் கிடந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தபோது ஆவி எழுந்து கண்ணாடி முழுக்க மூடியது.